எட்டு நாள் தீவனம்

ரோமானியர் காலத்துச் சலோனா துறைமுகத்தில் எந்தச் சரக்கு எங்கே போனாலும், எத்தனை நாளாகும், என்ன செலவாகும் என்று முதலில் ஓப்சியஸிடம்தான் கேட்பார்கள். காற்று, மேடு, மாட்டின் நடை எல்லாம் அவருக்கு அத்துப்படி. எகிப்திலிருந்து கப்பலில் வரும் கோதுமைக்கு ஆகும் கூலியைவிட, அதையே மாட்டுவண்டியில் மலை தாண்டிக் கொண்டுபோக அதிகம் பிடிக்கும். அந்தப் பாழாய்ப்போன கணக்குதான் மலைக்கு அப்பால் விளைச்சல் பொய்த்துக் கிடந்த பெலுவா ஊரைப் பட்டினி போட்டது.

ஓப்சியஸின் மகள் தெர்துல்லா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பனி விழுவதற்குள் ஊரோடு கிளம்பி நடந்தே வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். கைக்குழந்தையோடு மலை ஏறுவதா? அதற்குள் தானியம் போய்ச் சேர்ந்தால் அவள் கிளம்ப வேண்டியிருக்காது.

தானிய வியாபாரி வெத்தியா கேட்டாள்: "பெலுவாவுக்கு வண்டி போக எத்தனை நாளுய்யா? பத்துக்கு மேல போனா எனக்குக் கட்டாது."

பன்னிரண்டு. அவருக்கு நன்றாகத் தெரியும்.

"எட்டு நாள்தாம்மா."

இருபது வருடத் தொழிலில் அவர் சொன்ன முதல் பொய் அது. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவள் ஆறு வண்டிகளை அனுப்பினாள். அந்த மலைவழி பழக்கமில்லாத வண்டிக்காரர்கள் அவர் சொன்ன நாளுக்கு மட்டும்தான் தீவனம் ஏற்றுவார்கள். ஒரு கட்டு வைக்கோல் கூடினால் ஒரு மூட்டை குறையும். போய்ச் சேர்ந்ததும் மாடுகளை இறைச்சிக்கு விற்றுவிடுவதாக ஏற்பாடு.

பதினேழாம் நாள் மூன்று வண்டிகள் திரும்பி வந்தன. வண்டிக்காரன் தாசியஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"எட்டு நாளுக்குத்தானய்யா தீவனம். பாதி மலையிலயே தீந்துபோச்சு. பசிக்குதேன்னு கோதுமையப் போட்டோம், வயிறு ஊதிப் பாதி மாடு செத்துச்சு. அப்புறம் பனி பிடிச்சுக்கிச்சு. கணவாயே மூடிருச்சு, பனி உருகுற வரைக்கும் யாரும் தாண்ட முடியாது. இருந்த மாட்டப் பூட்டித் திரும்பிட்டோம்."

ஓப்சியஸுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது.

"பெலுவா ஆளுங்க கிளம்பி வந்திருப்பாங்களே. வழியில யாரையும் பாக்கலியா?"

"ஒருத்தன பாத்தோம்யா, ஏழாம் நாளு. வழி பாத்துட்டு வான்னு ஊர்ல அனுப்பிச்சாங்களாம். கோதுமை மூட்டையப் பாத்ததும் அழுதுட்டான். 'எல்லாரும் மூட்ட முடிச்சு கட்டிட்டாங்க, யாரும் கிளம்பாதீங்கன்னு போய்ச் சொல்றேன்'னு திரும்பி ஓடினான்."

"நீ தடுக்கலியா?"

"எதுக்குத் தடுக்கணும்? நாளைக்கு ஊர் வந்துரும்னுதானய்யா நாங்க நெனச்சோம்."

"அவன் போய்ச் சேந்திருப்பானா?"

"நல்லா ஓடுற பையன்யா. கண்டிப்பா சேந்திருப்பான்."