சாக்கடையில் விழுந்த மான்

விடுமுறை அலங்காரம் என்று வாசல் புல்தரையில் நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் மான், விடிந்து பார்த்தால் தெருச் சாக்கடையில் மல்லாந்து கிடந்தது. கொம்பில் எந்த வீட்டுக் குழந்தையுடையதோ ஒரு டயப்பர் சிக்கியிருந்தது. மூத்த மருமகள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சாக்கடை ஓரம் வந்து நின்றாள்.

இரவு அடித்த காற்றைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. எல்லாம் கொழுந்தன் பார்த்த வேலை. எதற்கெடுத்தாலும் யோசனை சொல்வதால் வீட்டில் அவனுக்கு 'இன்ஜினியர்' என்று பட்டப்பெயர். நேற்று, மானைக் கட்டும் இரும்பு முளைகள் சுலபமாக இறங்கட்டும் என்று தரையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, சேற்றில் குச்சி நடுவதுபோல் நேராகச் சொருகிவிட்டான்.

"ஈரத்துல சுலபமா இறங்குறது சுலபமா வெளிய வந்துடும்டா. காஞ்ச தரையில சாய்ச்சு அடி, கயித்தை இழுத்துக் கட்டு" என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"கோணலா இருந்தா பார்க்க அசிங்கமா இருக்கும் அண்ணி" என்றான் இன்ஜினியர் துரை.

இப்போது அந்தத் துரை மூக்கைப் பொத்திக்கொண்டு தன் அறை ஜன்னலில் நின்றான். "நீங்களே எடுத்துடுங்க அண்ணி. எனக்குக் குமட்டுது."

அவளுக்கு வாயைத் திறந்தால் வாந்திதான் வரும். மூச்சை அடக்கி மானை இழுத்து மேலே போட்டாள். அதன் வயிற்றிலிருந்து கறுப்பாகக் கொழகொழவென்று வழிந்தது. கழுவவில்லை. அப்படியே தூக்கிப்போய் அவன் ஜன்னலுக்கு நேர் கீழே, காய்ந்த தரையில் நிறுத்தினாள். நான்கு முளைகளையும் சாய்த்து, சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்துக் கயிற்றை இறுக்கினாள்.

"இனி எந்தப் புயல் அடிச்சாலும் உன்னை விட்டுப் போகாது, இன்ஜினியர்" என்றாள்.