உப்புக்கட்டிக்குள் மோதிரம்

போக்னா "கட்டிக்க மாட்டேன்" என்று போன மாதமே சொல்லிவிட்டாள். லுட்விக் கேட்டுக்கொண்டான், மூக்கை உறிஞ்சினான், "அம்மாகிட்ட நானே பக்குவமா சொல்லிடறேன்" என்றான். சொன்னானா? சொல்லுகிற ஆளா அவன்! அம்மா முன்னால் நின்றால் வாயில் கொழுக்கட்டை அடைத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில்காரர்கள் பஸ் பிடித்து உப்புச் சுரங்கம் பார்க்கக் கிளம்பினார்கள். "உனக்கும் டிக்கெட் எடுத்துட்டாங்க. நீ வரலைன்னா அம்மா ஏன்னு குடைவாங்க. வந்துட்டு மட்டும் போ, வீட்டுக்கு வந்ததும் சொல்லிடறேன்" என்று கெஞ்சினான். பாவம் பார்த்து வந்து தொலைத்தாள்.

மரப்படிகள் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கின. வழிகாட்டி ஹியரோனிம், பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புச் சட்டைக்காரர், படிகள் முடிந்த இடத்தில் எல்லோரையும் நிறுத்தினார்.

"இனி வந்த வழியா ஏற முடியாது. மேல போறதுக்கு ஒரே வழி, கடைசியில இருக்குற லிஃப்ட்தான். கூட்டத்தை விட்டு யாரும் பிரியாதீங்க. மாமியாரைத் தொலைக்கணும்னு வந்தவங்க மட்டும் என்னைத் தனியா வந்து பாருங்க!"

லுட்விக்கின் அம்மா ஃபெலிட்ஸ்யாதான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தாள். சிரித்த கையோடு போக்னாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி என்றால் உடும்புப்பிடி.

உள்ளே காற்றை அடக்குவதற்காக இரட்டைக் கதவுகள். பின்கதவு சாத்தினால்தான் முன்கதவு திறக்கும். ஒவ்வொரு முறை சாத்தும்போதும் போக்னா திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நீயும் சுவத்தை நக்கிப் பாரு கண்ணு" என்றாள் ஃபெலிட்ஸ்யா. "கல்யாணத்தன்னிக்கு ரொட்டியும் உப்பும் வெச்சு உங்களை வாசல்ல வரவேக்கணும் பாரு, அந்த உப்பை இங்கயே வாங்கிட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

போக்னாவுக்குப் பகீரென்றது. பின்னால் திரும்பி லுட்விக்கை முறைத்தாள். "இன்னும் சொல்லலையா நீ?" என்று ஓசையில்லாமல் உதட்டை அசைத்தாள். அவன் கூரையில் தொங்கிய உப்பை வெகு அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அடுத்தது பாதாளக் கோயில். தரை உப்பு, பீடம் உப்பு, சரவிளக்கும் உப்பு. ஹியரோனிம் கிங்கா அரசியின் கதையை எடுத்தார். அந்த நாட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த கதைதான்: ஹங்கேரியில் சுரங்கத்துக்குள் அவள் வீசிய நிச்சய மோதிரம், அவள் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்ததும் முதலில் வெட்டிய உப்புக்கட்டிக்குள் கிடைத்ததாம்.

"இன்னிக்கும் கிடைக்குதான்னு பாப்போமா?" என்று கண்ணடித்தவர், ஓர் உப்புக்கட்டியையும் சின்னச் சுத்தியலையும் நேரே போக்னாவிடம் நீட்டினார்.

அடப்பாவிகளா! போக்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சுற்றிலும் தெரிந்த முகங்கள், தூக்கிப் பிடித்த செல்போன்கள். கதவு எங்கோ இருந்தது, முழங்கை ஃபெலிட்ஸ்யாவிடம் இருந்தது. மெல்லத்தான் தட்டினாள். முன்பே உடைத்து ஒட்டிய கட்டி சட்டென்று பிளந்தது. உள்ளே மோதிரம். எதிரே லுட்விக் மண்டியிட்டிருந்தான். ஆக, இதுவும் அவனுக்குத் தெரியும். இத்தனை பேர் முன்னால் மறுக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

"வேண்டாம் லுட்விக்" என்றாள்.

யார் காதில் விழுந்தது? அதற்குள் கூட்டம் வாழ்த்துப் பாட்டை எடுத்துவிட்டது. பிறந்தநாளோ கல்யாணமோ, அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அதே பாட்டு. ஆரம்பித்தால் முடிக்காமல் விடமாட்டார்கள். ஃபெலிட்ஸ்யா மோதிரத்தை அவள் விரலில் திருகி ஏற்றினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"என் மோதிரம்தான் கண்ணு. இனிமே வெளியாளைக் கூப்பிடற மாதிரி பானி கீனின்னு மரியாதையெல்லாம் வேண்டாம். அம்மான்னே கூப்பிடு."

லிஃப்ட் என்பது இரும்புக்கூண்டு. புளிமூட்டை மாதிரி ஆட்களைத் திணித்துத் தாழ்ப்பாள் போட்டார்கள். கும்மிருட்டு. லுட்விக்கின் மூச்சு பிடரியில் பட்டது, ஃபெலிட்ஸ்யாவின் மூச்சு முகத்தில் பட்டது. கூண்டு கிடுகிடுத்து ஏறியது. பாட்டு நின்றுபோயிருந்தது. இதை விட்டால் வேறு நேரம் இல்லை.

"பானி ஃபெலிட்ஸ்யா" என்றாள் போக்னா.

அந்த ஒரு வார்த்தையிலேயே எதிரிலிருந்த உடம்பு விறைத்தது.

"நான் லுட்விக்கைக் கட்டிக்க மாட்டேன். போன மாசமே அவன்கிட்ட சொல்லிட்டேன். அவன்தான் உங்ககிட்ட மறைச்சுட்டான்."

கூண்டு முழுக்கத் தெரிந்தவர்கள். எங்கே போவார்கள், கேட்டுத்தானே ஆகவேண்டும்?

"லுட்விக்?" என்றாள் ஃபெலிட்ஸ்யா.

"அம்மா... மேல போய்ப் பேசிக்கலாமே..."

"நிஜமாடா?"

லுட்விக் மூக்கை உறிஞ்சினான். அதுதான் பதில்.

இருட்டில் ஒரு கை தடவி வந்து போக்னாவின் விரலைப் பிடித்தது. இழுத்தது. மோதிரம் கணுவில் மாட்டிக்கொண்டு அசையவில்லை. போக்னா தன் பக்கம் கையை இழுத்தாள்.

"இழுக்காதே, உப்பு ஒட்டியிருக்கு" என்று முணுமுணுத்தாள் ஃபெலிட்ஸ்யா. தன் விரலில் எச்சிலைத் தொட்டு, கணுவைச் சுற்றித் தடவி, நிதானமாகத் திருகினாள். மோதிரம் கழன்றது.

வெளிச்சம் வந்தது. தாழ்ப்பாள் திறந்தது. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்கள்.

"நீ போ கண்ணு" என்றாள் ஃபெலிட்ஸ்யா, முகத்தைப் பார்க்காமல்.

போக்னா வெளியே கால் வைத்தாள். பின்னாலேயே லுட்விக்கின் காலடி கேட்டது. ஃபெலிட்ஸ்யா கூண்டின் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"நீ இருடா."