கிரேக்க நோம்பிக்குக் கட்டிய காப்பு

சண்டைக்காரனை நம்பிப் பேத்தியை ரோட்டில் ஓடவிடுகிற அளவுக்குக் காளிச்சாமிக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவர் சொல் அம்பலம் ஏறி ரொம்ப நாளாயிற்று.

பேத்தி அக்ஷயா பீளமேட்டில் காலேஜ் படிக்கிறாள். நல்ல ஓட்டக்காரி. அவளுடைய சரித்திர வாத்தியார் சத்தியசீலன், வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் தோட்டத்துக்கே ஒருநாள் காரில் வந்து இறங்கினார். எப்போதோ நின்றுபோன கிரேக்க நோம்பியைத் திரும்ப எடுக்கப் போகிறார்களாம்.

காளிச்சாமி சின்னப் பையனாக இருந்தபோது நடந்த திருவிழா அது. சீமைக்குப் போய்வந்த ஒரு மில் முதலாளி, கிரேக்கர்களைப் பற்றிப் படித்துவிட்டு, ஓட்டம், மல்யுத்தம், பாட்டு, நாடகம் எல்லாவற்றையும் ஒரே பந்தலில் வைத்து நடத்தினார். உடம்பும் அறிவும் ஒன்றாக வளர வேண்டும் என்பது அவர் கொள்கை. கொடுமுடிக் காவிரிக் கரையில் பந்தம் கொளுத்தி, கை மாற்றிக் கை மாற்றிப் பீளமேடு வரைக்கும் ஓடியே கொண்டுபோவார்கள். கொள்கையெல்லாம் காளிச்சாமிக்கு ஞாபகமில்லை. சோறு போட்டது ஞாபகமிருந்தது.

"அந்தக் காலத்து கிரேக்கருங்க, போட்டி வந்துட்டாப் போதுங்க ஐயா, சண்டைய நிறுத்திருவாங்க. பகையாளி ஊரு வழியாக்கூடப் பயமில்லாமப் போலாம்" என்றார் சத்தியசீலன். "அதைத்தான் நம்ம முதலாளி இங்க காப்பாக் கட்டினாருங்க. பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு குடும்பத்தைப் பார்த்து, ஒரு ஊட்டுப் புள்ள கையில இருந்து இன்னொரு ஊட்டுப் புள்ள பந்தம் வாங்கோணும். அதுதாங்க இந்த நோம்பிக்கே உசுரு."

"கிரேக்கன் நிறுத்துவானுங்க வாத்தியாரே. பாலுசாமி நிறுத்துவானா?"

வாத்தியார் சிரித்தார். காளிச்சாமி சிரிக்கவில்லை.

பாலுசாமி பங்காளிதான். ஒரே பாட்டன் வழி. பொதுக்கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறு வந்து, பாலுசாமியின் அண்ணன் காளிச்சாமியின் தம்பியை வாய்க்கால் மேட்டிலேயே வெட்டிப்போட்டான். வெட்டியவன் ஜெயிலுக்குப் போய் அங்கேயே செத்தான். காளிச்சாமி சொன்ன சாட்சியால்தான் அண்ணன் செத்தான் என்று பாலுசாமிக்கு ஆங்காரம். கோர்ட்டு வாசலில், அத்தனை பேர் பார்க்க, மண்ணை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கூட்டுல ஒரு உசுர எடுக்காம உடமாட்டேன்" என்றான். இருபது வருசமாகிறது. அந்த வார்த்தையை அவன் இன்றுவரை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அக்ஷயா கையிலிருந்து பந்தம் வாங்கப்போவது அவன் பேரன் சுரேந்தர்.

"அப்பாரு, நீங்க சும்மா இருங்க. அதெல்லாம் உங்க காலம்" என்று தாத்தாவை அடக்கினாள் அக்ஷயா.

"கொடுவாளுக்குக் காலம் ஏது அம்மணி?"

யாரும் கேட்கவில்லை.

கொடுமுடிப் படித்துறையில் கோயில் பண்டாரம் எல்லாருக்கும் காப்புக் கட்டினார். மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு. காப்பு கையில் இருக்கிற வரைக்கும் எவன்மேலும் எவனும் கை வைக்கக் கூடாது. வைத்தால் வம்சம் விளங்காது. பாலுசாமியும் வந்து கை நீட்டிக் கட்டிக்கொண்டான். கொஞ்ச தூரம் தள்ளி நின்று அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காளிச்சாமிக்கு நெஞ்சில் பாதி மூச்சாவது இறங்கியது. அவன் எதற்கு அஞ்சாவிட்டாலும் சாமிக்கு அஞ்சுவான்.

மீதிப் பாதி மூச்சுக்காக, ஓட்டத்தன்று தன் மொபெட்டில் கோணிப்பைக்கு அடியில் கொடுவாளைப் போட்டுக்கொண்டார். காப்புக் கட்டிய கையோடு இரும்பு எடுத்துப் போவது தப்பு என்று தெரியும். சாமியிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

முத்தூர் தாண்டி அக்ஷயா பந்தம் வாங்கினாள். முன்னால் போலீஸ் ஜீப், பக்கத்தில் காலேஜ் வேன், பின்னால் பைக்குகள். காளிச்சாமி மொபெட்டை உருட்டாத குறையாக அவள் பின்னாலேயே ஓட்டினார். ரோட்டோரம் நின்ற ஒவ்வொருத்தன் கையையும் பார்த்தார். இளநீர்க்காரன் கையில் அரிவாளைப் பார்த்ததும் மொபெட்டை அவனுக்கும் அவளுக்கும் நடுவில் விட்டார். ஒரு லாரி ஹாரன் அடித்தபோது மொபெட்டோடு பள்ளத்தில் இறங்கப் பார்த்தார்.

"பெரியவரே, முன்னாடி போய் அங்க நில்லுங்க. புள்ளைக்கு வண்டிப் பொகை அடிக்குது!" என்று வேனிலிருந்து ஒருவன் கத்தினான்.

சரி, முதலில் போய் அவன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம் என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

வெள்ளகோவில் எல்லையில் கை மாற்றும் இடம். ஊரே கூடியிருந்தது. கொட்டு அடித்தார்கள். வெள்ளைப் பனியன் போட்ட சுரேந்தர், காலை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு கோட்டில் நின்றான். சத்தியசீலன் மைக்கைப் பிடித்துக் கிரேக்க நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பாலுசாமி கூட்டத்தில் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், தன் காருக்குப் பக்கத்தில் தனியாக நின்றான். முகம் வெந்த கிழங்கு மாதிரி இருந்தது. கண்கள் காளிச்சாமியையே பார்த்தன.

காளிச்சாமி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார். வலது மணிக்கட்டில் காப்பு இல்லை.

நோம்பி முடியாமல் காப்பை அவிழ்க்கிறவன் எதற்கு அவிழ்ப்பான்? கட்டில்லாத கைதானே எதையும் செய்யும்? வடக்கே ரோட்டு வளைவில் ஜீப்பின் விளக்கு தெரிந்தது. அதற்குப் பின்னால் புகை. அவள் வந்துகொண்டிருந்தாள்.

பாலுசாமி ரோட்டைக் கடந்து நேராக அவரிடம் வந்தான்.

காளிச்சாமியின் கை கோணிப்பைக்குள் போயிற்று. பிடி அகப்பட்டது. இழுத்த வேகத்தில் கொடுவாள் வண்டித் தகரத்தில் கடகடவென்று தட்டியது. கொட்டுச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"அங்கயே நில்றா!"

பாலுசாமி நின்றான். பைக்குள் போன கையைப் பார்த்தான். "ஏனுங்ணா" என்றான். இருபது வருசத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. "முத்தாத்தா போய்ட்டா."

"எங்க போய்ட்டா?"

"செத்துப்போய்ட்டா. காத்தால. ஆஸ்பத்திரியில."

முத்தாத்தாள் அவன் பெண்டாட்டி. காளிச்சாமிக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. சாவைச் சொல்லிக்கூடக் கழுத்தறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெண்டாட்டி செத்தவன் காப்பை அவிழ்க்காமல் பிணத்தைத் தொடக் கூடாது. காப்பில்லாத அந்த மொட்டைக் கைக்கு அது ஒரு காரணம்தான்.

"போன்ல சொல்லக்கூடாதா?"

"உங்க நம்பரு எனக்கெப்படித் தெரியும்? பங்காளிக்கு எழவு நேர்லதான் சொல்லோணும். மூத்த பங்காளி வந்து மொதக் கை வெக்காம பொணத்த எடுக்க முடியாது. நீங்கதான மூத்தவரு?" பாலுசாமி குரலைத் தாழ்த்தினான். "சுரேந்தருகிட்ட சொல்லல. வாத்தியாருகிட்டயும் சொல்லல. நேத்து ராத்திரிகூட, எம்பேரன் பந்தம் வாங்கறத டி.வி.ல காட்டுவாங்களான்னு கேட்டுட்டுக் கெடந்தா."

காளிச்சாமிக்கு இப்போதுதான் முழுசும் உறைத்தது. பங்காளி வீட்டுச் சாவு என்றால் தீட்டு இரண்டு வீட்டுக்கும். பகை பார்த்துத் தீட்டு ஒதுங்கிப் போகாது. சுரேந்தர் பந்தத்தைத் தொடக் கூடாது. அக்ஷயாவும் இந்த நிமிசமே கீழே வைத்தாக வேண்டும். நடுரோட்டில், இத்தனை சனத்துக்கு முன்னால், நோம்பி அங்கேயே செத்துப்போகும். தெரிந்தும் விட்டால் சாமிக் குத்தம் பிள்ளைகள் தலையில்.

"இத எதுக்குடா எங்கிட்டச் சொல்ற?"

"வேற யாருகிட்டச் சொல்றது? நெருப்பு உங்க பேத்தி கையில இருக்குது. நிறுத்தச் சொன்னா நிறுத்திப்போடறேன். நீங்க சொல்லுங்க."

அவர்கள் ஊர் வழக்கத்தில் ஒன்று உண்டு. எழவு காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு. வெளியூரில் இருக்கிறவன் சேதி கேட்கிற வரைக்கும் சுத்தமானவன்தான். பிள்ளைகள் இரண்டுக்கும் தெரியாது. ஆனால் இவனை நம்பிப் பிள்ளையை இவன் பேரன் பக்கத்தில் விடுவதா? இத்தனையும் நடிப்பாக இருந்தால்?

"கோர்ட்டு வாசல்ல மண்ணள்ளிச் சொன்னியே?"

"சொன்னேன். இல்லீங்கல" என்றான் பாலுசாமி. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பொய்க்காரனாக இருந்தால் இந்த இடத்தில் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பான். காளிச்சாமி கொடுவாளை விட்டுவிட்டுப் பையிலிருந்து கையை உருவினார். எழவு கேட்டவன் காப்போடு நிற்கக் கூடாது. பல்லால் கடித்துக் கயிற்றை அறுத்தார். இப்போது இரண்டு பேரையும் தடுக்க எந்தக் கட்டும் இல்லை.

"ஓடட்டும்" என்றார். "நெருப்பு பீளமேடு போய்ச் சேர்ற வரைக்கும் உன் வாயில இருந்து ஒண்ணும் வரக்கூடாது. எம் முன்னாலயே நில்லு. நவுராத."

அக்ஷயா வந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்து, தலைமயிர் நெற்றியில் ஒட்டி, பந்தத்தை உயர்த்திப் பிடித்திருந்தாள். சுரேந்தர் கை நீட்டினான். காளிச்சாமி அவனுடைய இன்னொரு கையைத்தான் பார்த்தார். வெறுங்கை. அந்தக் கையால் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான். "தேங்க்ஸுங்க அக்கா" என்றான். நெருப்பு மாறியது. கூட்டம் கத்தியது. பையன் காங்கயம் ரோட்டில் பிடித்தான் ஓட்டம்.

"அப்பாரு!" அக்ஷயா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கட்டால போ! தொடாத!"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏன் அப்பாரு? நான் சரியா ஓடலீங்களா?"

"ஓடின கண்ணு. போய் வேன்ல ஏறு. வாத்தியாரோட பீளமேடு போ. என்னையத் தொடாத."

அவள் விரித்த கையை மெல்ல இறக்கினாள். வேறு எதுவும் சொல்ல அவருக்கு வழியில்லை. வேன் கிளம்பிய பிறகும் அவள் ஜன்னலில் திரும்பிப் பார்த்தபடியே போனாள்.

"காருல ஏறுங்ணா" என்றான் பாலுசாமி.

"நீ முன்னால போ. நான் வாரேன்."

அவனைப் பின்னால் விட்டுக்கொண்டு வண்டி ஓட்ட அவர் தயாராக இல்லை. தென்னந்தோப்பு வழியாகக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போக, அந்தப் புழுதிக்குள்ளேயே மொபெட்டை விட்டார். அந்தப் பாதையில் அவர் கடைசியாக வந்தபோது தம்பி உயிரோடு இருந்தான்.

பாலுசாமி வீட்டு வாசலில் சாமியானா. அதன்கீழ் பாலுசாமியின் ஆட்கள், மச்சினன்மார்கள், மாமன்மார்கள். மொபெட் நின்றதும் அத்தனை தலையும் திரும்பியது. பேச்சு நின்றது. எவனோ ஒருவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். காளிச்சாமி வண்டிக்கு ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்தார்.

உள்ளேயிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது. "மூத்த பங்காளி வந்துட்டாருங்க. வழி உடுங்கப்பா."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. குறுகலான வழி. இருபக்கமும் ஆட்கள், பின்னால் பாலுசாமி. காளிச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்கக் கழுத்து துடிதுடிக்க, திரும்பாமல் உள்ளே நடந்தார்.