டோலன்ஸில் பன்னிரண்டு நாற்பது

1996 அக்டோபர் பதினெட்டாம் தேதிக்குப் பிறகு மாரிசாமி ஒரு நாள்கூடத் தவறாமல் பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு டோலன்ஸ் பப்பின் மூன்றாவது ஸ்டூலில் இருந்தார். நடந்து போகவில்லை, காரிலும் போகவில்லை. எங்கே எந்தக் கோலத்தில் இருந்தாலும் அந்த நிமிடம் அங்கிருந்து மறைந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இரண்டு இருபது ஆனால்தான் எழுந்திருக்க முடியும். வேலை நாட்களில் இது பெரிய தொந்தரவாக இல்லை. நியூஜெர்சியின் பார்சிப்பனியில் அவர் புரோகிராம் எழுதிய ஆபீஸுக்கும் பப்புக்கும் ஒரு மைல்தான். மேனேஜர் கேரி அதைக் கொஞ்சம் நீண்ட லஞ்ச் என்று விட்டுவிட்டார். சனி ஞாயிறுதான் உயிரை வாங்கியது. முதல் ஞாயிறே எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவர், இடுப்பில் துண்டோடும் காதோரம் வழிகிற நல்லெண்ணெயோடும் ஸ்டூலில் இருந்தார். நவம்பரில் ஒரு சனிக்கிழமை ரூட் 287இல் அறுபது மைல் வேகத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது கடிகாரத்தைப் பார்க்க மறந்தார். பக்கத்து சீட்டில் இருந்த மனைவி நாகமணி, அதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டே அறியாதவள், எட்டிப் பிடித்து எப்படியோ காரை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். திங்கட்கிழமை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

அந்தப் பப் 1911இல் கட்டியது. அன்றைக்கு இருந்ததெல்லாம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கூரையில் பூவேலை செய்த தகரம், காலை வைத்துக்கொள்ளப் பித்தளைக் கம்பி, பாருக்கு அடியில் எச்சில் துப்புவதற்கென்று ஓடிய ஓடு பதித்த வாய்க்கால், மடிப்புக் கதவு போட்ட மரத்தாலான டெலிபோன் கூண்டு, ரசம் போன கண்ணாடி. பெண்களுக்குத் தனி வாசல். அதன் கண்ணாடியில் லேடீஸ் என்று அழகாக எழுதியிருக்கும். இதையெல்லாம் காப்பாற்ற ஊரில் ஒரு கமிட்டி உண்டு. ஓர் ஆணியைப் பிடுங்க வேண்டுமானாலும் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். பப்பை நடத்திய மிஸஸ் டோலனுக்கு எழுபது வயது, கட்டியவரின் பேத்தி. ஒரு ஜிஞ்சர் ஏலை வைத்துக்கொண்டு ஒரு மணி நாற்பது நிமிடம் ஸ்டூலை அடைத்துக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்து அவருக்கும் எரிச்சல்தான். கமிட்டிக்கு எழுதிப் போட்டார். மூன்று பேர் வந்தார்கள், ஸ்டூலையும் மாரிசாமியையும் அளந்து பார்த்தார்கள். தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே ஸ்டூலுக்கு வரும் வாடிக்கையாளர் 1911ஆம் ஆண்டின் தன்மைக்குப் பொருத்தமானவர்தான், அவரை அகற்றக் கூடாது என்று பதில் வந்தது. படித்தவர்கள் எழுதிய கடிதம்.

எப்படி நடந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. அந்தப் பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு நாற்பதுக்குக் கேரி டீமை அங்கே லஞ்சுக்குக் கூட்டிப்போனார். குடிப்பழக்கம் இல்லாத மாரிசாமி உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு இருபதுக்குக் கிளம்பும்போது மற்றவர்கள் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியாக வந்த மாரிசாமி வாசலில் திரும்பி, பிறந்ததிலிருந்து எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் சொல்வதைப்போல, அந்தக் கட்டடத்தைப் பார்த்து, "போயிட்டு வாரேன்" என்றார். எண்பத்தைந்து வருஷத்தில் அங்கே வந்தவர்கள் யாரும் அப்படி வாக்குக் கொடுத்துவிட்டுப் போனதில்லை. ஓர் ஆணியைக்கூட விடாத இடம் இந்த வாக்கை மட்டும் விட்டுவிடுமா?

பார்சிப்பனித் தமிழர்கள் மாரிசாமி பகலிலேயே பாரில் கிடக்கிறார் என்று பேசினார்கள். நாகமணிக்கு மானம் போயிற்று. 1997 டிசம்பரில் கோவில்பட்டியில் மாரிசாமியின் தங்கைக்குக் கல்யாணம். குடும்பத்தோடு விமானம் ஏறினார்கள். அரபிக்கடலுக்கு மேலே, நியூஜெர்சிக் கணக்கில் மணி பன்னிரண்டு நாற்பது ஆனபோது, பெல்ட் போட்டபடியே சீட் காலியாயிற்று. மாரிசாமி விமானக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் இருந்தார். நாகமணி மகள் பிரீத்தியோடும் நான்கு பெட்டிகளோடும் மெட்ராஸில் இறங்கி, அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று நூற்றைம்பது பேரிடம் சொன்னாள். மணவறையில் அண்ணன் செய்ய வேண்டியதைச் சித்தப்பா மகன் செய்தான்.

இவ்வளவையும் நாகமணி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது கிரீன் கார்டு விஷயத்தில். அவள் சங்கரன்கோவில்காரி, எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. 1990இல் கணவரோடு வந்ததிலிருந்து வேலை செய்ய அனுமதி இல்லாமல் எட்டு வருஷம் வீட்டில் இருந்தாள். கிரீன் கார்டுக்கு மனுப் போட்ட பிறகு தற்காலிக அனுமதி ஒன்று கிடைத்தது. மறு மாதமே ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில், மாத்திரை எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். முதல் நாள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பாத்ரூமில் போய் அழுதாள். நெவார்க் குடியேற்ற ஆபீஸில் இன்டர்வியூ முடிந்தால் அந்த வேலை நிலைக்கும். இன்டர்வியூவுக்குக் கொடுத்த முதல் தேதியில் நேரம் பன்னிரண்டரை. மாற்றிக் கேட்டார்கள், ஒரு மணிக்குக் கொடுத்தார்கள். மறுபடி கேட்டார்கள், 1999 மே பதினொன்று, காலை பத்தரை என்று வந்தது. இதுவே கடைசி, தவறினால் மனு ரத்து என்று அடியில் எழுதியிருந்தது. நெவார்க்கில் பத்தரை என்றால் பத்தரை இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

அதனால் முந்தைய வாரம் நாகமணி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பப்புக்குள் போனாள். முன்வாசலில் நுழையப் பார்த்தவளை மிஸஸ் டோலன் லேடீஸ் வாசலுக்குத் திருப்பிவிட்டார். உள்ளே போய்ப் பையைப் பாரின் மேல் வைத்தாள்.

"ஏங்க, ஒரே ஒரு வார்த்த. போறேன்னு சொல்லிட்டு வெளிய வாங்க. அவ்வளவுதான்."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது நாகமணி. வெளங்காது."

"இப்ப மட்டும் ரொம்ப வெளங்குதாக்கும்! ரெண்டர வருஷமா இந்த இஞ்சித் தண்ணியக் குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இன்டர்வியூ மிஸ் ஆச்சுன்னா என் வேல போச்சு, தெரியும்ல?"

"ஐ யம் நாட் கமிங் பேக்னு இருவது தடவ சொல்லிப் பாத்துட்டேன்."

"இங்கிலீஷ்ல நீங்க ஆயிரம் சொல்லுவீங்க. தமிழ்ல சொல்லுங்க!"

இரண்டு இருபதுக்கு மாரிசாமி எழுந்து வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். "போ" வரைக்கும் வந்தது. முடிக்கும்போது அது "போயிட்டு வாரேன்" என்று முடிந்தது. நாகமணி தலையில் அடித்துக்கொண்டு பையை எடுத்தாள். லேடீஸ் வாசல் கதவு கனமானது, 1911இன் ஸ்பிரிங். மிஸஸ் டோலன் வந்து திறந்து பிடித்தார். பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று நாகமணி, "வாரேங்க" என்றாள். காரில் ஏறிய பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் கையில் ஒரு ஜாடி மாத்திரையுமாக நான்காவது ஸ்டூலில் இருந்தாள். மாரிசாமி பாவம், சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். "என்னயச் சொன்னியே, இப்ப நீ சொல்லு பாப்போம்" என்றார். சொல்வதற்கென்ன, ஒரு வார்த்தைதானே என்று இரண்டு இருபதுக்கு அவளும் வாசலில் போய் நின்றாள். அந்தச் சொல்லை எடுத்தால் சங்கரன்கோவிலில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று பட்டது. முதலில் அப்பா முகம் வந்தது, பிறகு பர்வதம் அக்கா முகம். நாக்கு ஒட்டிக்கொண்டது. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள் பத்து நிமிடம் நின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாள். சொல்லாமல் வந்தால் கணக்கில் சேராது போலிருக்கிறது. அடுத்த நாளும் ஸ்டூலில்தான் இருந்தாள்.

மே பதினொன்றாம் தேதி எட்டு வயது பிரீத்தியையும் கூட்டிக்கொண்டு மூவரும் ஒன்பதரைக்கே நெவார்க் போய்ச் சேர்ந்தார்கள். பிரீத்தி இங்கேயே பிறந்தவள், அவளுக்குக் கார்டு வேண்டியதில்லை; ஆனால் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். பத்தரை பதினொன்றாயிற்று, பதினொன்று பன்னிரண்டாயிற்று. நாகமணி மூன்று முறை ஜன்னலில் போய்க் கேட்டாள். மூன்று முறையும் உட்காரச் சொன்னார்கள். பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி அவசரமே இல்லாமல் பேனாவைத் தேடினார். வலது கையைத் தூக்கி உண்மையே சொல்வோம் என்று உறுதி எடுக்கச் சொன்னார். இருவரும் கையைத் தூக்கினார்கள். அந்தக் கையோடு இருவரும் டோலன்ஸில் இருந்தார்கள்.

"புள்ளய விட்டுட்டு வந்துட்டோமே! எல்லாம் உங்களாலதான். ஒரு வார்த்தையச் சொல்லத் துப்பில்லாம..." என்று ஆரம்பித்தவள், தனக்கும் அந்தத் துப்பு இல்லை என்று நினைவு வந்து நிறுத்தினாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டெலிபோன் கூண்டு ஆறு அடி தூரத்தில் இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை. மிஸஸ் டோலன் போய் நெவார்க் ஆபீஸுக்குப் போன் போட்டார். அங்கே காத்திருக்கச் சொல்லிச் சங்கீதம் போட்டார்கள். ஐம்பது நிமிடம் சங்கீதம் கேட்ட மிஸஸ் டோலன் கெட்ட வார்த்தை சொல்லிப் போனை வைத்தார். இரண்டு இருபதுக்குப் பப்பைப் பூட்டிவிட்டுத் தன் பழைய ஸ்டேஷன் வேகனில் இருவரையும் ஏற்றிக்கொண்டார். பட்டப்பகலில் அந்தப் பப்பைப் பூட்டியது அதுதான் முதல் தடவை.

பிரீத்தி அதிகாரியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவருடைய சாண்ட்விச்சில் பாதியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அம்மா எங்கே என்று அவர் கேட்டிருக்கிறார். டோலன்ஸில் என்று சொல்லியிருக்கிறாள். எப்போது வருவார்கள் என்றதற்கு, இரண்டு இருபதுக்கு எழுந்திருப்பார்கள், அதற்கு மேல் டிராஃபிக்கைப் பொறுத்தது என்றிருக்கிறாள். ஃபைலில் அவரை வெகுநேரம் உறுத்திக்கொண்டிருந்தது ஒன்றுதான். மாரிசாமி 1997 டிசம்பரில் நாட்டை விட்டுப் போனதாகப் பதிவு இருந்தது, திரும்பி வந்ததாக இல்லை. இந்தியா போகத்தான் பார்த்தார், கடல் வரைக்கும்தான் போக முடிந்தது என்று பிரீத்தி விளக்கினாள். இந்த நாட்டிலேயே நிலையாக இருக்கும் எண்ணம் உண்டா என்று எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வியை அவர் அவளிடமே கேட்டார்.

"அவங்களால வேற எங்கயும் இருக்க முடியாது" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஆம் என்றுதான் சொல்கிறார்கள், சாட்சியோடு இப்போதுதான் பார்க்கிறேன் என்று அதிகாரி மூச்சிரைக்க வந்து நின்ற பெற்றோரிடம் சொன்னார். முத்திரை குத்திய பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஃபைலை எடுத்தார். நாகமணி மகளைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆகஸ்டில் கார்டுகள் தபாலில் வந்தன. லேபில் அவளுடைய லஞ்ச் நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு இருபதுக்குப் பிறகு ஈஸ்ட் பிரன்ஸ்விக் திரும்பிப் போக அவள் டோலன்ஸ் வாசலில் ஒரு பழைய காரை வாங்கி நிறுத்தியிருந்தாள். சாயங்காலம் வேலையைக் கூடுதலாகப் பார்த்து ஈடுகட்டினாள். சங்கரன்கோவிலிலிருந்து பர்வதம் அக்கா எழுதினாள்: கார்டு வந்துவிட்டதே, இனி நினைத்தபோது ஊருக்கு வரலாமே, எப்போது வருகிறீர்கள்? நாகமணி நான்கு நாள் யோசித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தே பதில் எழுதினாள். எங்களால் வர முடியாது அக்கா, நீ வா. பகலில் நாங்கள் டோலன்ஸில் இருப்போம், லேடீஸ் வாசல் வழியாக வா. ஒன்று மட்டும். கிளம்பும்போது இங்கே எங்களிடம் எதுவும் சொல்லாதே. பேசாமல் எழுந்து போய்விடு.

அக்கா 2000 மே மாதம் வந்தாள். மூன்று வாரம் இருந்தாள், தினமும் பகலில் பப்பில் வந்து தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். கடைசி நாள் ஒன்றரை மணிக்கு ஏர்போர்ட் டாக்ஸி வந்து ஹார்ன் அடித்தது. அக்கா எழுந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். மாரிசாமியும் நாகமணியும் இரண்டு இருபது வரை உட்கார்ந்திருந்தார்கள்.