மாமியின் ஐந்தரை மணித்தியாலம்

மெல்பேர்ண் டண்டினொங் வீட்டுக் குசினியில் வெங்காயத்தைப் பாதியில் விட்டுவிட்டு, யோகா மறுபடியும் போனைத் தட்டினாள். திரையில் ஒரு சின்ன மஞ்சள் விமானம் கடலுக்கு மேலே நின்றது. நகருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. காலை ஒன்பதுக்கு அவள் புருசன் தேவராஜா அதில் ஏறியிருந்தான். கொழும்பு வெள்ளவத்தையில் அவன் தாய்க்கு இன்றைய பொழுது தாண்டாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

மாமியிடம் ஒரு கணக்கு இருந்தது. நாலு வருசத்துக்கு முன் தைப்பொங்கலுக்குப் போன மகனின் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தா. மெல்பேர்ணில் ஒன்பதுக்கு வெளிக்கிட்டு, கொழும்பில் இரண்டரைக்கு இறங்கும் என்றிருந்தது.

"ஐஞ்சரை மணித்தியாலம்தானோ! யாழ்ப்பாணம் போற பஸ்ஸே எட்டு மணித்தியாலம் எடுக்குது" என்று பூரித்துப்போனா.

இரண்டு ஊர் மணிக்கூட்டுக்கும் இடையில் இன்னொரு ஐந்தரை ஒளிந்திருப்பதையும், எண்ணாயிரம் கிலோமீற்றர் பறக்கப் பதினொரு மணித்தியாலம் வேண்டும் என்பதையும் ஒருத்தரும் சொல்லவில்லை. யோகா வாயைத் திறந்தாள்தான். தேவராஜாதான் தடுத்தான்.

"விடுமப்பா. நான் கிட்டத்தான் இருக்கிறன் எண்டு நினைச்சுச் சந்தோசமா இருக்கட்டும்."

மாமி அதை அடுக்குமாடி முழுக்கச் சொல்லித் திரிந்தா.

பகல் இரண்டரைக்கு தேவராஜாவின் தங்கை நிரூபா வீடியோவில் வந்தாள். அங்கே காலை ஒன்பது.

"மச்சாள், அண்ணை ஏறிட்டார் எண்டு விடிய மூண்டரைக்குச் சொன்னதிலயிருந்து மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு கிடக்கிறா. நீங்களே கதையுங்கோ."

திரையில் மாமியின் முகம் வந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை... ஒன்பதாச்சு. இறங்கிட்டானோ?"

நாசமாய்ப் போன கணக்கு! பாதி வழிதான் மாமி என்று எந்த வாயால் சொல்வது?

"ஓம் மாமி. இறங்கிட்டார். வாறார்."

"அப்ப சரி" என்றா மாமி. முகம் தெளிந்துவிட்டது. "நிரூபா, கதவைத் திறந்து விடு."

யோகா மிச்ச வெங்காயத்தை வெட்டி முடிக்கமுன் மறுபடி அழைப்பு வந்தது. நிரூபா அழுதாள்.

"இறங்கிட்டான் எண்ட உடன நிம்மதியாக் கண்ணை மூடிட்டா மச்சாள். அவ்வளவு நேரமும் உயிரைப் பிடிச்சு வச்சிருந்தவ."

யோகா கதிரையில் தொப்பென்று இருந்தாள். ஐயோ, இன்னும் வரேல்ல மாமி என்று சொல்லியிருந்தால்? இன்னும் பிடித்துவைத்திருந்திருப்பாவோ? அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவனிடம் சொல்லவும் வழியில்லை. மேலே அவன் போன் அணைந்து கிடந்தது.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. செத்தவீட்டில் அடுப்பெரியக்கூடாது. எழுந்துபோய் அணைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். மஞ்சள் விமானம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. இறங்க இன்னும் ஐந்து மணித்தியாலம் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது.