டாட்டாவுக்குத் தடை

“நீ ‘போறேன்’னு சொன்னியா, ‘போயிட்டு வரேன்’னு சொன்னியா?”

அப்போது மகளுக்கு மூன்று வயது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, புதுக் குழந்தையோடு வீடு திரும்பிக் கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான். பக்கத்தில் வரவில்லை. குழந்தையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவோரம் நின்று விசாரித்தாள்.

அம்மாவுக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. வாசலில் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியவள் திரும்பிப் பார்த்து, “அம்மா போறேன்டி தங்கம்” என்றாள். அதற்குமேல் சொல்ல முடியவில்லை. மீதியை வலி விழுங்கிவிட்டது. மூன்று நாளில் வந்துவிடலாம் என்று போனவளுக்குக் காய்ச்சல் கண்டு, பதினோரு நாள் இழுத்துவிட்டது.

“போறேன்னுதான் சொன்னேன்போல” என்றாள் அம்மா.

“அதான்” என்று தலையாட்டிவிட்டு மகள் உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒற்றை ‘அதான்’ பத்து மாதமாக அந்த வீட்டை ஆட்டிப்படைத்தது. மகள் வாசலில் காவல் உட்கார்ந்துவிட்டாள். யாராக இருந்தாலும் “போயிட்டு வரேன்” என்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் படி தாண்ட வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா காலையில் மூன்று தடவை சொல்வார், நாலாவது தடவை தெருவிலிருந்து கத்துவார். அவர்தான் அவளுக்கு ‘அதிகாரி’ என்று பெயர் வைத்தவர். “நம்ம வீட்ல அதிகாரி கையெழுத்து இல்லாம ஒரு ஈகூட வெளியே போக முடியாது” என்பார். குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதும் அதிகாரி குறுக்கே நின்றாள்.

“போயிட்டு வரேன் சொல்லுங்க.”

“நான் திரும்பி வந்தா உங்க அம்மா அழுவாங்க பாப்பா” என்றார் அவர்.

அவள் நகரவில்லை. சொல்லிவிட்டுத்தான் போனார். அதே வாரம் குழாய் மறுபடியும் ஒழுகியது, அவரும் வந்தார். அதிகாரிக்கு அதில் வந்த பெருமை சொல்லி முடியாது.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவால்தான் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. சமையலறையில் இருந்து குளியலறைக்குப் போகவும் அவள் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு சின்னக் குரல், “இருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே “இருக்கேன், இருக்கேன்” என்பாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமையைத்தான் எப்படித் தாண்டுவது என்று தெரியவில்லை.

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் காஜா மெஷினில் உட்கார்ந்தவள் அவள். சட்டைக்குப் பட்டன் நுழையும் ஓட்டை போடுகிற வேலை. ஓட்டை பெரிசானால் பட்டன் தானே கழன்றுவிடும், சின்னதானால் நுழையாது. நுழையும்போது கொஞ்சம் முரண்டு பிடித்தால்தான் நல்ல காஜா. அந்தக் கணக்கு அவள் விரலில் இருந்தது. பத்து மாதமாக இரண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்ததில் அந்த விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. காயப்போட்ட சட்டைகளின் பட்டன்களைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். போன வாரம் சூப்பர்வைசர் அக்கா போன் செய்தாள்.

“திங்கட்கிழமை எட்டரைக்கு நீ சீட்ல இல்லேன்னா புது ஆளை உட்கார வைக்கச் சொல்லிட்டாங்கம்மா. இதுக்கு மேல என்னால தள்ள முடியாது.”

அன்றிலிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் அவள் வீட்டுக்குள் நடமாடினாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்து தங்கியிருந்தாள். மகளை ஸ்கூலில் விட வேண்டும். புதன்கிழமை விட்டுப் பார்த்தாள். நாலு முறை “போயிட்டு வரேன்” சொல்லியும் மகள் அவள் முந்தானையை விடவில்லை. கடைசியில் அவளும் ஒரு முழ உயரச் சிவப்பு நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து மத்தியானம் வரை இருந்தாள். வியாழக்கிழமையும் அதே நாற்காலி.

“பேசாம நீங்களும் அட்மிஷன் போட்டுடுங்க” என்றாள் மிஸ்.

வெள்ளிக்கிழமை சின்னவனுக்குத் தடுப்பூசி. அவனை வீட்டில் ‘பூசணி’ என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து மாதத்தில் பூசணி செய்யாதது இல்லை. நாலாம் மாதம் குப்புற விழுந்தான், ஏழில் உட்கார்ந்தான், எட்டில் வீடு முழுக்கத் தவழ்ந்து செருப்பை நக்கினான். இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று தெருவையே அதட்டுகிறான். ஊசி போடும் நர்ஸ் அம்மா அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“நிக்கிறானா?”

“நிக்கிறான்.”

“பேரைச் சொன்னா திரும்பறானா?”

“பூசணின்னா திரும்பறான்.”

நர்ஸ் அம்மா சிரித்தாள். “டாட்டா காட்டறானா?”

அம்மா யோசித்தாள். காட்டி அவள் பார்த்ததே இல்லை. நர்ஸ் அம்மா அவன் முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாள். பூசணி அக்காவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைத் தொடையில் வைத்துக்கொண்டான். நர்ஸ் அம்மா அட்டையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாள். “பயப்படாதீங்க. அடுத்த மாசமும் காட்டலேன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்.”

பயப்படாதீங்க என்று சொன்ன பிறகு யாரால் பயப்படாமல் இருக்க முடியும்? காலிக் கட்டம் கண்ணுக்குள் நின்றது. வேலைக்குத் திரும்பும் தவிப்பில் குழந்தையைக் கவனிக்காமல் விட்டோமோ என்று அட்டையைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தாள்.

கிளம்பும்போது அதிகாரி நர்ஸ் அம்மாவிடம் மரியாதையாக, “போயிட்டு வரோம்” என்றாள்.

“ஐயோ, இங்க மட்டும் அப்படிச் சொல்லாதே கண்ணு!” என்றாள் நர்ஸ் அம்மா. “ஆஸ்பத்திரியில ‘போறோம்’னுதான் சொல்லணும்.”

அதிகாரி நடந்துகொண்டே இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை நாத்தனார் ஒரு யோசனை சொன்னாள். சினிமா தியேட்டரில் இருபது வருஷம் டிக்கெட் கிழித்தவள். அழுகிற குழந்தைகளை அவள் பார்க்காததா?

“ஏம்மா, நீ சொல்லிச் சொல்லித்தான் அவ இப்படி ஆகிட்டா. சொல்லாம நழுவிடு. கொஞ்ச நேரம் தேடுவா, அப்புறம் மறந்துடுவா. நான் பராக்குக் காட்டறேன்.”

“மனசு கேக்கலை அண்ணி.”

“மனசு கேக்காது. மெஷின் கேக்குமா? திங்கட்கிழமை எட்டரைக்கு அது வேற ஒருத்தி மடியில போய் உட்கார்ந்துடும்.”

ஒத்திகை பார்த்தார்கள். நாத்தனார் வாளியில் சோப்பு நுரை கலக்கிக் குழந்தைகள் இருவரையும் கூப்பிட்டாள். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருடி மாதிரி வெளியே வந்தாள். தெருமுனை மருந்துக்கடை வரை போனாள். ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. இருந்தாலும் கடைக்காரரிடம் மணி கேட்டாள், ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டாள். பத்து நிமிஷத்தில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிட்டாள்.

மகள் அழவில்லை. செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஈரக் கவுனோடு உட்கார்ந்திருந்தாள். பூசணியின் காலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள், அவனும் எங்காவது போய்விடுவான் என்று. அவன் விடுபடத் திமிறிக்கொண்டிருந்தான்.

“இவ கண்ணுல மண்ணைத் தூவ முடியாதும்மா. தியேட்டர்ல கள்ள டிக்கெட்டைக்கூட இப்படி யாரும் கண்டுபிடிச்சதில்ல” என்றாள் நாத்தனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கேயோ ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று அப்பாவுக்குப் போன் வந்தது. நாத்தனார் உள்ளறையில் கண்ணயர்ந்திருந்தாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா மூன்று தடவை சொல்லிவிட்டு இறங்கினார், தெருவிலிருந்து நாலாவது தடவை கத்தினார். ஜன்னலில் நின்ற பூசணியின் வலது கை கம்பியை விட்டு மேலே எழுந்தது. விரல்கள் விரிந்து, மூடி, மறுபடி விரிந்தன.

அதிகாரி ஈயைப் பிடிப்பதுபோல அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். “கூடாது” என்றாள்.

அம்மா கையில் இருந்த சட்டை அப்படியே நின்றது.

“எத்தனை நாளா இப்படிப் பிடிக்கிறே?”

“எப்பவுமே.”

“ஏன்டி?”

“டாட்டான்னா போன்னு அர்த்தம். அதுல ‘வா’வே இல்ல.”

காலிக் கட்டம் நிரம்பிவிட்டது. அம்மாவுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, அடுத்த கணம் முதுகில் ஒன்று வைக்கலாமா என்று கை பரபரத்தது. இரண்டு நாளாக அவளைத் தின்ற கவலைக்குக் காரணம் இந்தச் சின்ன முஷ்டியா! திட்டுவதற்கு வாயெடுத்தாள். அதற்குள் மகள் துணி மாட்டும் கிளிப்புகளைத் தன் கவுன் விளிம்பில் வரிசையாக மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, ஆஸ்பத்திரில ‘போயிட்டு வரேன்’ சொல்லக் கூடாதா?”

“கூடாது. சொன்னா மறுபடியும் அங்கேயே வர்ற மாதிரி ஆயிடும். நோய் நொடி வேண்டாம்னு அப்படிச் சொல்றது.”

ஒரு கிளிப். இன்னொரு கிளிப்.

“பூசணியை வாங்க நீ எங்க போனே?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“ஆஸ்பத்திரிக்குத்தானே?”

“ஆமா.”

மகள் வெகு நேரம் யோசித்தாள். நெற்றி சுருங்கியது. கடைசியில் கவுனில் ஏழு கிளிப்போடு எழுந்து நின்றாள்.

“அப்ப ‘போறேன்’தான் கரெக்ட். நீ சரியாத்தான் சொல்லியிருக்கே.”

தீர்ப்பைச் சொல்லிவிட்டு அவள் தம்பியின் மூக்கில் கிளிப் மாட்டுவதற்குப் போய்விட்டாள்.

அதில் ஒரு தப்பு இருந்தது. ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதுதான் அப்படிச் சொல்வது, வீட்டிலிருந்து போகும்போது அல்ல. அம்மா திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால் பொங்கி வழிந்தது. தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் ஊற்ற மறந்து மூடி போட்டாள். மகளின் சீருடைப் பட்டனை ஒன்று தவறிப் போட்டு, மேலிருந்து கழற்றி மறுபடியும் போட்டாள்.

“முந்தாநேத்து சொன்னது ஞாபகம் இருக்கட்டும். நான் பூசணியைக் காட்டிப் பேச்சுக் குடுக்கறேன், நீ நழுவிடு” என்று நாத்தனார் காதருகே சொன்னாள்.

“இல்ல அண்ணி. சொல்லிட்டுத்தான் போவேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன்.”

“அப்ப அந்தச் சிவப்பு நாற்காலிதான் உனக்கு.”

பூசணியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாத்தனாரும் கூட வந்தாள். ஸ்கூல் வாசலுக்கு வந்தபோது எட்டு ஆகிப் பத்து நிமிஷம். கம்பெனி பஸ் எட்டேகாலுக்கு முக்குத் திரும்பும். அம்மா வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். போயிட்டு வரேன். அம்மா போயிட்டு வரேன். ஒரு எழுத்தும் விட்டுப் போகக் கூடாது. மகளின் கை அவள் கைக்குள் வியர்த்திருந்தது. வியர்வை யாருடையது என்று சொல்ல முடியாது.

வகுப்பு வாசலில் ஒரு சின்னப் பெண் தரையில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மிஸ் கண்ணைக் காட்ட, பின்பக்கமாகவே ஒவ்வொரு அடியாக நகர்ந்துகொண்டிருந்தார். நாலு அடி வந்திருப்பார். இடித்துக்கொண்டு நின்றார். பின்னால் அதிகாரி நின்றாள். அம்மாவின் கையை எப்போது விட்டாள் என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

“அங்கிள், சொல்லிட்டீங்களா?”

“என்னது பாப்பா?”

“போயிட்டு வரேன்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி நகரவில்லை. அந்த மனிதர் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் திரும்பிப் போய், தன் பெண்ணின் முன்னால் குனிந்து, “அப்பா போயிட்டு வரேன்டா” என்றார்.

அழுகை நிற்கவில்லை, ஆனால் சுருதி ஒரு படி இறங்கியது. அதிகாரி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

“வரேன்னு சொல்லிட்டாரு. வா.”

அம்மா இரண்டடி முன்னால் வந்தாள். முழு வாக்கியமும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எப்போது கேட்பாள், எப்போது கேட்பாள் என்று மகளின் முதுகையே பார்த்தாள். “தங்கம்…” என்றாள். வகுப்புக் கூச்சலில் அது மகளுக்குக் கேட்கவில்லை.

முக்கில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

“போம்மா, போ. மணி ஆச்சு” என்று நாத்தனார் முழங்கையால் இடித்தாள். அம்மாவின் கால் நகரவில்லை. நாத்தனார் இடுப்பில் இருந்த பூசணி அக்காவைப் பார்த்தபடி வலது கையை உயர்த்தினான். விரல்கள் விரிந்து, மூடி, விரிந்தன. பிடித்து இறக்க யாரும் இல்லாததால் அவன் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

தண்ணீர் பாட்டில் இடுப்பில் இடித்து இடித்து ஆட, அழுகிற பெண்ணை இழுத்துக்கொண்டு மகள் உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.