ரெண்டு கட்டைக்காரன்

மசாக்கா சந்தையில் பழைய சட்டை விற்கிற கயெம்பாவிடம் கிழிசலை மறைத்து யாரும் எதையும் தள்ளிவிட முடியாது. துணியை வெயிலில் தூக்கிப் பிடித்தால் போதும், கண்டுபிடித்துவிடுவான். தன் கையில் இருந்த கிழிசல் மட்டும் வெகுகாலம் அவன் கண்ணில் படவில்லை.

ஓய்வு நேரத்தில் அவன் ஒரு குழுவில் அமடிண்டா என்ற மரக்கட்டை வாத்தியம் வாசிப்பான். அதற்கு மூன்று பேர் வேண்டும். வாழைத்தண்டுகளின் மேல் பன்னிரண்டு மரக்கட்டைகள். எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் அடி விழும் சந்தில் மற்றவர் அடி என்று குச்சிகளால் பொரிந்து தள்ளுவார்கள். மூன்றாம் ஆளுக்கு ஓரத்தில் உள்ள சின்னக் கட்டைகள் ரெண்டே ரெண்டு. அதுதான் கயெம்பாவின் இடம். "ரெண்டு கட்டைக்காரன் வந்தாச்சு, இனி பயமில்ல!" என்பது குழுவின் நிரந்தரக் கிண்டல்.

அதனால்தான் சித்தி மகனுக்குப் பெண் கேட்கக் குழுவோடு போன அன்று, எதிரெதிரே வாசிக்கும் இருவரில் ஒருத்தியான நன்டெகேயிடம் கெஞ்சினான்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் உன் இடத்தக் குடு. என் சொந்தக்காரங்க பாக்கணும். சொதப்பினேன்னா குச்சிய வெச்சிட்டு சட்டை விக்க மட்டும் போயிடறேன்."

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா, சாட்சி நீங்கதான்" என்று எழுந்து ஓரத்துக்குப் போனாள்.

பெண் வீட்டு வாசலில் ஆரம்பித்தார்கள். எதிரே இருந்த வாலுசிம்பி வழக்கம்போல் வேகத்தைக் கூட்டினார். கயெம்பாவின் மணிக்கட்டு பின்தங்கியது. சந்தில் விழவேண்டிய அடி வாலுசிம்பியின் அடி மேலேயே விழுந்தது. ஓரத்தில் நன்டெகே குத்துமதிப்பாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பெண் வீட்டுக்காகப் பேச வந்த முலோண்டோ கையை உயர்த்தினார். மாப்பிள்ளை வீட்டாரை மடக்குவதுதான் அவர் வேலை.

"பாட்டு கொண்டாந்தீங்களா, விறகு பிளக்க வந்தீங்களா? எங்க அடுப்புக்கு விறகு இருக்குய்யா! இங்க உத்தரவு குடுக்கறது பொண்ணோட அத்தைதான். பாட்டு என்ன சொல்லுதுன்னு அவளுக்குப் புரியணும். அதுவரைக்கும் வாசல்லயே நில்லுங்க."

பந்தலே சிரித்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

நன்டெகே கயெம்பா பக்கம் சாய்ந்தாள். "இந்தக் கட்டைய எப்பத்தான்டா அடிக்கறது? உனக்கு எப்படித் தெரியுது?"

"பாட்டு உள்ளயே ஓடுதேக்கா. உங்க ரெண்டு பேரு அடியும் சேர்ற எடத்துல. கேக்கல?"

"எனக்கு எங்க கேக்குது? கைதான் ஓடும்."

கயெம்பா திகைத்துப் போனான். எல்லார் வீட்டிலும் கிடக்கிற சரக்கு என்று நினைத்தல்லவா தன் காதை இத்தனை நாள் அடிமாட்டு விலைக்குத் தள்ளியிருக்கிறான்!

"அக்கா, உன் இடத்துக்கு வா."

"குச்சிய வெச்சிட்டுப் போறியா?"

"போறேன். ஓரத்துக்கு."

மறுபடி ஆரம்பித்தார்கள். நன்டெகேயும் வாலுசிம்பியும் பேய்மழையாக அடிக்க, யாரும் தனியாக வாசிக்காத ஒரு மெட்டு அதற்குள் ஓடியது. கயெம்பா அதைப் பொறுக்கிப் பொறுக்கி இரண்டு கட்டையில் வைத்தான். பேச்சின் ஏற்ற இறக்கம் அப்படியே வந்தது. வாய் திறக்காமலே கட்டை கேட்டது: நல்லவங்கதான் வந்திருக்கோம், கதவத் திற அத்தே.

அத்தை குலவையிட்டபடி எழுந்தாள். "திறந்துதான்டா இருக்கு, வாங்கடா!"

"போச்சு, எங்க அத்தையே எங்கள வித்துட்டா" என்று முலோண்டோ வழிவிட்டார்.

சாப்பாட்டில் தன் பங்குக் கோழியை இலைப் பொட்டலத்தோடு நன்டெகேயின் தட்டில் வைத்தான் கயெம்பா.

"என்னடா இது?"

"உன் கை ஓடலன்னா என் காதுக்கு வேலையே இல்லக்கா."

"நாளைக்கும் ரெண்டு கட்டைக்காரன்னு கூப்பிடுவோமே?"

"கூப்பிடு. சத்தமா கூப்பிடு, சந்தை முழுக்கக் கேக்கட்டும்."